துவிச்சக்கரவண்டிப் பலகட்ட ஓட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து கண்டி மாநகருக்கு வரும் 72 மைல் நீளமான பெருந்தெருவிலே, கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில், உயர்ந்ததொரு கோபுரம் நிற்கின்றது. அத்தெருவை வகுத்த பொறியியலாளருள் முதன்மையானவரும் 1829ஆம் ஆண்டில் மறைந்தவருமாகிய கப்டன் டோசன் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. 1832ஆம் ஆண்டிலே அத்தெருவில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவில் முதன்முதல் ஓடிய தபால் வண்டி அதுவேயென்பர். பூட்டிய குதிரைகளே 72 மைலையும் ஓடித் தீர்த்தல் இயலாதாகலின், பாதை பல கட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் களைத்த குதிரைகள் அவிழ்க்கப்பட்டுப் புதியன பூட்டப்பட்டன. பயணி உண்டு இளைப்பாறினான். தபாற்பை மேலே சென்றது.

நெடும்பாதையைக் கட்டங்களாகப் பகுத்துக் கடக்கும் இம்முறை மிகப் பழையது. சத்திரமும் மடமும் அம்பலமும் தோன்றியமைக்குக் காரணமும் இதுவே. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இம்முறை ஐரோப்பாவிற் புதியதொரு வடிவம் பெற்றது. துவிச்சக்கரவண்டியை மிதிப்பவன் ஒரு நாட்டையே கட்டங் கட்டமாகச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவன் எடுத்த நேரம் கூட்டப்படும். கூட்டுத்தொகை குறைந்தவனே வெற்றியாளன். இதுவே பலகட்ட ஓட்டமாகும். தபால் வண்டியின் கட்டத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாடு ஒன்றே. அங்கே களைத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை உண்டு. இங்கே களைத்த மனிதனுக்கு மாற்று மனிதன் இல்லை. இவ்வோட்டங்களின் வரலாற்றிலே பொழுதுபோக்குக்குரியனவாய் எண்ணப்படும் துணுக்குச் செய்திகள் பல உள. அவற்றைக் கோத்து நோக்குமிடத்து, உழைப்பவனுக்கும் உழைப்பிப்பவனுக்கும் இடையே நடந்த நீண்டதொரு வழக்கின் சான்றுகளாக அவை விளங்குதலைக் காணலாம்.

பலகட்ட ஓட்டத்தின் தோற்றத்துக்கு இரண்டு ஏதுக்கள் வேண்டியிருந்தன: ஒன்று இறப்பர், மற்றொன்று பத்திரிகை. 1888ஆம் ஆண்டிலே, பெல்பாஸ்ற் நகரில் விலங்கு மருத்துவராயிருந்த டன்லொப் என்பவர் தம் மைந்தனின் முச்சக்கரவண்டி குலுங்காது ஓடும்பொருட்டுக் காற்றடைத்த இறப்பர் ரயரைச் செய்தார். அதற்கு முன்னரே, 1876இல், விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டனையடுத்த கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கண்டிக்கு அயலிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பிலே, தாழ்நிலமாகிய கம்பகாவிலுள்ள ஹெனறத்கொடைப் பூங்காவில் அவை வளர்க்கப்பட்டன. அந்நாளில் அம்மரத்தாற் பயன் யாதென்று உறுதியாக அறிந்தோர் மிகச் சிலர். டன்லொப்பின் ரயர் பரவியபின்னரோ அதன் பாலுக்கு உலகெங்கும் தேவை ஏற்பட்டது. முதலாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், அமேசன், கொங்கோ ஆகிய காடுகளின் இறப்பரைத் தோட்ட இறப்பர் விஞ்சிவிட்டது. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோருள் மிகப் பலர், இலங்கையிலும் மலாயாவிலும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்களே. ஐரோப்பியத் தெருக்களில் உருண்ட சில்லுகளுக்கும் தமிழர் கைகளுக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு உண்டாயிற்று.

இரண்டாவது ஏதுவாகிய பத்திரிகையின் கதை சுவையானது. 1891இல் பாரிஸ் நகரிலிருந்து பிறெஸ்ற் நகருக்குச் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓட்டத்தை நடத்தியவர் பியர் ஜிபார் என்ற பத்திரிகையாளர். சார்ள் தெறோன் என்பவர் உறக்கத்தைத் துறந்து 71 மணி 22 நிமிடத்தில் அதனை முடித்தார். பின்னர் ஜிபார் பச்சைத் தாளில் அச்சிடப்பட்ட ‘லெ வெலோ’ என்ற விளையாட்டு நாளிதழின் ஆசிரியரானார். அக்காலத்திலே பிரான்சு முழுவதையும் இரு கூறாக்கியிருந்தது திறைபூஸ் வழக்கு. யூத இனத்தவரான படைத்தலைவர் ஒருவர்மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றம் பற்றிய அவ்வழக்கில் ஜிபார் திறைபூசின் பக்கம் நின்றார். அவருடைய இதழுக்கு விளம்பரந் தந்த செல்வர் சிலர் எதிர்ப்பக்கம் நின்றனர். அவர்கள் சினந்து வெளியேறி, 1900இல் மஞ்சட்டாளிற் போட்டி இதழொன்றைத் தொடங்கினர். ஆன்றி டெகிறாஞ்ச் அதன் ஆசிரியரானார். நீதிமன்றத் தீர்ப்பின்படி பெயரைச் சுருக்க நேர்ந்தமையால், 1903இல் அவ்விதழ் ‘லோற்றோ’ எனப்பட்டது.

புதிய இதழ் எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. 1902 நவம்பரில் நடந்த ஆலோசனையின்போது, ஜியோ லெபேவ்ர் என்ற இளம் நிருபர் பிரான்சு நாட்டையே சுற்றும் ஓட்டமொன்றை நடத்தலாமென்றார். இவ்வாறு பிறந்ததே ‘ரூர் டி பிரான்ஸ்’ எனப்படும் பிரான்சுச் சுற்றோட்டம். முதலிற் போதிய அளவினர் முன்வரவில்லை. நுழைவுக் கட்டணம் 20 பிராங்கிலிருந்து 10 பிராங்காகக் குறைக்கப்பட்டது, படிப்பணமும் அறிவிக்கப்பட்டது. அதன்பின்னர் 60 பேர் தொடக்கக் கோட்டில் நின்றனர். 1903 யூலை 1ஆம் நாள், பாரிசுக்கு அயலிலுள்ள மோன்செறோன் என்னும் ஊரில் ஓர் உணவகத்தின் முன்னிருந்து அவர்கள் புறப்பட்டனர்.

அம்முதலோட்டத்தின் அளவுகள் இன்று கேட்போருக்கு வியப்பளிப்பன. மொத்தம் 2,428 கிலோமீற்றர், கட்டங்களோ ஆறே. பாரிசிலிருந்து இலியோன் வரை 467, அங்கிருந்து மார்செய் வரை 374, துலூஸ் வரை 423, போர்தோ வரை 268, நாந்த் வரை 425, மீண்டும் பாரிஸ் வரை 471 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 116 கிலோமீற்றர் என்பதை நினைந்தால், இறுதிக் கட்டம் ஒன்றே அத்தெருவில் இருமுறை போய் இருமுறை மீள்வதை ஒத்ததென்பது புலப்படும். இரவிற் புறப்பட்டு மறுநாள் முழுதும் மிதித்தனர். 60 பேருள் 21 பேரே பாரிசை அடைந்தனர். வெற்றியாளர் மொறிஸ் கறன், 94 மணி 33 நிமிடம் 14 செக்கன் எடுத்தார். இரண்டாமவர் அவருக்குப் பின் ஏறத்தாழ மூன்று மணி நேரங் கழித்தே முடித்தார். இத்துணைப் பெரிய இடைவெளி பின்னர் எந்த ஆண்டிலும் ஏற்படவில்லை. கறன் இளமையிற் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். ‘லோற்றோ’வின் விற்பனை 25,000 படிகளிலிருந்து 65,000 படிகளாக உயர்ந்ததென்பர். அடுத்த ஆண்டிலே ‘லெ வெலோ’ மூடப்பட்டது. நீதியின் பக்கம் நின்ற ஆசிரியரின் இதழ் அழிய, எதிரணியினரின் இதழ் ஓங்கிற்று. வரலாறு எப்பொழுதும் அறநூல் போல் முடிவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் ஆண்டாகிய 1904இலேயே ஓட்டம் அழியும் நிலையை எய்திற்று. தத்தம் ஊராரை வெல்லவைக்க விரும்பிய மக்கள் தெருவில் ஆணிகளை இறைத்தனர். செந்தெத்தியன் நகருக்கு அயலிலே இருளில் ஒரு கும்பல் வீரரைத் தடியுங் கல்லுங் கொண்டு தாக்கிற்று. வீரருட் சிலர் புகையிரதத்தில் ஏறிப் பாதையின் ஒரு பகுதியைக் கடந்தனர் என்ற குற்றமும் எழுந்தது. மாதக்கணக்காக விசாரணை நடந்தது. ஆண்டிறுதியில் முதல் நான்கு இடத்தினரும் நீக்கப்பட்டனர். அவருள் மொறிஸ் கறனும் ஒருவர். ஐந்தாமவராகிய ஆன்றி கோர்னே வெற்றியாளரென அறிவிக்கப்பட்டார். அவருக்கு வயது இருபது நிரம்பவில்லை. அவரினும் இளையவர் எவரும் பின்னர் இவ்வோட்டத்தை வென்றதில்லை. நேரக்கணக்கில் ஏமாற்று நிகழ்தல் எளிதென்று கண்ட டெகிறாஞ்ச், 1905 முதல் 1912 வரை நேரத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டத்திலும் வந்துசேரும் வரிசைக்குப் புள்ளியிடும் முறையைக் கைக்கொண்டார். 1913இல் மீண்டும் நேரக்கணக்கே நிலைத்தது.

சமநிலத்தில் ஓடியது போதாதென்று 1910இல் ஓட்டம் பிரனீசு மலைகளில் ஏற்றப்பட்டது. பாதை பார்க்கச் சென்ற ஸ்தைனெஸ் என்பவர், தூர்மலே கணவாயிற் பனியில் வண்டி புதையுண்டமையால் இரவிலே தனியே நடந்து, உயிர்தப்பி ஊர் சேர்ந்தார். சேர்ந்தவர், பாதை நன்று, கடத்தல் எளிது என்ற பொருள்பட டெகிறாஞ்சுக்குத் தந்தி கொடுத்தாரென்று கூறப்படுகின்றது. அப்பொய்யின் விலையைச் செலுத்தியோர் வீரர்களே. யூலை 21ஆம் நாள் நடந்த 326 கிலோமீற்றர் கட்டத்தில், தூர்மலேயையும் வேறு கணவாய்களையும் பல இடங்களில் வண்டியைத் தள்ளியே ஏறிய ஒக்தாவ் லப்பீஸ், வழியில் நின்ற அலுவலரை நோக்கிக் கொலைகாரரென்று கத்தினார். ஆயினும் அவ்வாண்டு ஓட்டத்தை வென்றவர் அவரே.

இம்மலைகளின் உயரத்தைக் கண்டியில் வாழ்வோர் எளிதில் மதிப்பிடலாம். கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் தெரு, ஏறத்தாழ 48 மைலில் 6,000 அடிக்கு மேல் ஏறுகின்றது. இறம்பொடை வளைவுகளிலே உந்துவண்டியும் மூச்சுவாங்குதலைப் பயணிகள் அறிவர். தூர்மலேயின் உயரமோ 6,939 அடி. 1911இல் முதன்முதற் கடக்கப்பட்ட கலிபியே கணவாயின் சுரங்கப் பாதை ஏறத்தாழ 8,400 அடி உயரத்தில் அமைந்தது. அஃது இலங்கையின் அதியுயர் மலையாகிய பிதுறுதாலகாலையின் உச்சியினும் உயர்ந்தது. இவற்றை அவர்கள் ஏறியது கனத்த இரும்பு வண்டியில், செப்பனிடாத பாதையில், இன்றுள்ளது போன்ற கியர் வசதியின்றியே. சங்கிலியை மிதிப்பிடையே மாற்றும் கியர்க்கருவி உழைப்பின் பெருமையைக் குறைக்குமென்று கருதிய டெகிறாஞ்ச் அதனைப் பல்லாண்டு தடுத்துவைத்தார். 1937இலேதான் பிரான்சுச் சுற்றோட்டத்தில் அது தாராளமாக அனுமதிக்கப்பட்டது.

விதி எத்துணைக் கடுமையாயிருந்ததென்பதைக் காட்டும் நிகழ்ச்சி 1913இல் நடந்தது. யூஜீன் கிறித்தோப் என்பவர் தூர்மலேயிலிருந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. பிறருதவி பெறுதல் விதிக்கு மாறு. ஆகவே வண்டியைத் தோளிற் சுமந்து பதினான்கு கிலோமீற்றரளவு நடந்து, மலையடிக் கிராமமொன்றின் கொல்லுலையை அடைந்தார். கொல்லன் பார்த்து நிற்கத் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்தார். அலுவலர் அருகிருந்து கண்காணித்தனர். ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான். அதனைப் பிறருதவியெனக் கொண்டு பத்து நிமிடத் தண்டம் விதித்தனர். பின்னரே அது குறைக்கப்பட்டது. 1919இல், வெற்றி கைக்கெட்டிய நிலையில், அவருடைய வண்டியின் கவை மீண்டும் முறிந்தது. அவ்வாண்டிலேதான், முன்னணியிலுள்ளவரை மக்கள் அடையாளங் காணும்பொருட்டு, பத்திரிகைத் தாளின் நிறமாகிய மஞ்சளில் மேற்சட்டை அணிவிக்கும் வழக்கம் தொடங்கிற்று. அதனை முதலில் அணிந்தவரும் கிறித்தோப்பே. அவர் ஒருமுறையேனும் அவ்வோட்டத்தை வென்றாரல்லர்.

1914ஆம் ஆண்டின் ஓட்டம் யூன் 28ஆம் நாள் தொடங்கிற்று. அன்றே சறயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஓட்டம் முடிந்த சில நாட்களில் ஐரோப்பா போரில் மூழ்கிற்று. 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் வென்ற பெத்தி பிறெத்தோன், 1909இல் வென்ற பபேர், 1910இல் வென்ற லப்பீஸ் ஆகிய மூவரும் போரிலிருந்து மீளவில்லை. மலையில் அலுவலரைக் கொலைகாரரென்று ஏசிய லப்பீஸ், 1917 யூலை 14ஆம் நாள் வான்போரில் வீழ்ந்தார். 1919இல் மீண்டும் ஓட்டம் நடந்தபோது 67 பேர் புறப்பட்டனர். பாரிசை அடைந்தோர் பதினொருவரே.

பிரான்சின் முறையைப் பிற நாட்டுப் பத்திரிகைகளும் பின்பற்றின. இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடப்படும் ‘லா கசெற்றா டெல்லோ ஸ்போட்’ என்ற இதழ், போட்டி இதழொன்றின் திட்டத்தை முந்திக்கொண்டு, 1909 மே 13ஆம் நாள் இத்தாலியச் சுற்றோட்டத்தை மிலான் நகரில் தொடக்கிற்று. 127 பேர் புறப்பட்டு 49 பேர் முடித்தனர். வென்ற லூயிஜி கன்னா கொத்துவேலை செய்தவர். 1931 முதல் அங்கே முன்னணியாளன் அணிவது இளஞ்சிவப்பு மேற்சட்டை. ஸ்பானியச் சுற்றோட்டம் 1935இல் ‘இன்பொர்மசியோனெஸ்’ என்னும் நாளிதழாற் தொடக்கப்பட்டது. பெல்ஜியத்தவரான டெலூர் வென்றார். இம்மூன்றுமே பெருஞ் சுற்றோட்டங்களென இன்றும் போற்றப்படுவன. மூன்றின் தாயும் அச்சியந்திரமேயென்பது குறிப்பிடத்தக்கது.

ஏழை மக்களின் புதல்வர்களே இவ்வோட்டங்களிற் பெரும்பாலும் ஈடுபட்டனர். சுரங்கத்திலும் வயலிலும் பெறுவதினும் மிக்க ஊதியம் இதிற் கிடைத்தது. ஆயினும் அவர்களின் உழைப்பால் வளர்ந்த செல்வம் பெரிதும் பத்திரிகையாளருக்கும் வண்டி செய்வோருக்குமே சென்றது. 1924இல், மேலணிந்த சட்டையை வழியிற் களைந்தமை பற்றி அலுவலர் ஆராய்ந்தபோது, முன்னாண்டில் வென்ற ஆன்றி பெலிசியே சினங்கொண்டு ஓட்டத்திலிருந்து விலகினார். அல்பேர் லோந்திறு என்ற பத்திரிகையாளரிடம், தாங்கள் வலியைத் தாங்கும்பொருட்டு உட்கொள்ளும் மருந்துகளை அவரும் தோழரும் எடுத்துக் காட்டினர். குற்றவாளிகளின் தண்டனைத் தீவுகளை நேரிற் கண்டு எழுதியவர் லோந்திறு. இவ்வீரரின் வாழ்வையும் அவர் உலகறியச் செய்தார். மறு ஆண்டுகளில் விதிகள் தளரவில்லை. 1926இன் ஓட்டமே யாவற்றினும் நீண்டது: 5,745 கிலோமீற்றர், பதினேழு கட்டங்கள்.

அதே 1924இல் இத்தாலியிலும் ஊதியம் பற்றிய பிணக்கு எழுந்தது. புகழ்பெற்ற வீரர் பலர் பங்குபற்ற மறுத்தனர். ஆட்குறையை நிரப்ப முயன்றோர் அல்போன்சினா ஸ்திறாடா என்ற பெண்ணின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டனர். மழையும் காற்றும் நிறைந்த ஒரு கட்டத்தில் அவருடைய வண்டியின் கைபிடி முறிந்தது. விளக்குமாற்றுத் தடியொன்றைப் பொருத்திக்கொண்டு அவர் தொடர்ந்தார். நேர எல்லை கடந்தமையாற் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டும், ஓட அனுமதி பெற்று மிலான் வரை மிதித்தார். புறப்பட்ட 90 பேருள் ஆடவர் 30 பேரே முடித்தனர். பெண்களுக்கெனப் பிரான்சில் 1955இலும் 1984 முதலும் ஓட்டங்கள் நடந்தும் நிலைக்கவில்லை. 2022இல் மீண்டும் தொடங்கிய மகளிர் ஓட்டத்தை ஒல்லாந்தைச் சேர்ந்த அன்னமீக் வன் வுளூற்றன் வென்றார்.

இத்தாலிய வீரர் ஜீனோ பார்த்தாலி 1938இலும் 1948இலும் பிரான்சுச் சுற்றோட்டத்தை வென்றார். இரு வெற்றிகளுக்கிடையே பத்தாண்டு கழிந்தமை வேறெவருக்கும் நேர்ந்ததில்லை. அப்பத்தாண்டில் அவர் செய்தது யாதென்பது அவருடைய வாழ்நாளிற் பலருக்குத் தெரியாது. 1943, 1944 ஆகிய ஆண்டுகளிலே, பயிற்சிக்குச் செல்பவர் போல் புளோறன்சுக்கும் அசிசிக்குமிடையே மிதித்து, யூத மக்களைக் காக்கும் போலி அடையாளத் தாள்களை வண்டியின் குழாய்களுள் மறைத்துக் கொண்டுசென்றார். சோதனைச் சாவடிகளில் அவருடைய புகழே அவருக்குக் கவசமாயிற்று. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2013இலேதான் யூதரின் நினைவு நிறுவகமாகிய யாத் வஷேம் அவரைப் பிற நாட்டு நேர்மையாளருள் ஒருவராக அறிவித்தது. திறைபூசுக்கு நேர்ந்த அநீதியின் நிழலிற் பிறந்த ஓட்டத்தின் வெற்றியாளர் ஒருவர், அரை நூற்றாண்டின் பின்னர், அதே இனத்தாரைத் தம் வண்டியாற் காத்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

லோந்திறு கண்ட மருந்துகள் மறைந்தொழியவில்லை. 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக் விழாவில் டென்மார்க் வீரர் யென்சன் வெப்பமிக்க ஓட்டமொன்றில் வீழ்ந்து இறந்தார். இலங்கையின் சார்பில் மொறிஸ் குமாரவேல் துவிச்சக்கரவண்டிப் போட்டியிற் பங்குபற்றிய விழாவும் அதுவே. 1967 யூலை 13ஆம் நாள், ஆங்கில வீரர் தொம் சிம்சன் வெந்து மலையின் ஏற்றத்தில் உயிர்நீத்தார். அவருடலிற் கிளர்ச்சி மருந்து காணப்பட்டது. 1989இல் அமெரிக்கரான கிறெக் லெமொண்ட், ஏறத்தாழ 3,285 கிலோமீற்றர் ஓடியபின், லோறோன் பினியோனை எட்டே செக்கன் முந்தி வென்றார். இத்துணை நுண்ணியதாக அளக்கப்படும் ஓட்டத்தில் மருந்து எத்துணை வேறுபாட்டை உண்டாக்குமென்பது வெளிப்படை. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற லான்ஸ் ஆம்ஸ்றோங்கின் வெற்றிகள் யாவும் 2012இல் அழிக்கப்பட்டன. 1904இற் போல அடுத்தவர் எவரும் உயர்த்தப்படவில்லை. அவ்வேழாண்டுகளும் பட்டியலில் வெறுமையாகவே விடப்பட்டுள்ளன.

ஐரோப்பாவுக்கு வெளியிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. இத்தாலியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த எரித்திரியாவில் 1946இலேயே சுற்றோட்டம் நடந்தது. அந்நாட்டவரான பினியாம் கிர்மாய் 2024 யூலை 1ஆம் நாள் தூரின் நகரில் பிரான்சுச் சுற்றோட்டத்தின் ஒரு கட்டத்தை வென்றார். அவ்வாறு வென்ற முதற் கறுப்பின ஆபிரிக்கர் அவரே. மோன்செறோனிலிருந்து அறுபதுபேர் புறப்பட்டு அன்றோடு சரியாக 121 ஆண்டுகள் நிறைந்திருந்தன. இறப்பர் விளைந்த மலேசியாவில் 1996 முதல் இலங்காவிச் சுற்றோட்டம் நடைபெறுகின்றது. கெந்திங் மலையேற்றம் அதற்குப் புகழ் சேர்த்தது. இலங்கையிலும், தொழின்முறையாக அன்றெனினும், வான்படையினர் தம் ஆண்டு நிறைவையொட்டி மார்ச் மாதத்திற் பலநாள் ஓட்டத்தை நடத்தி வந்துள்ளனர்.

இனி, கடுகண்ணாவைக் கோபுரத்துக்கு மீளலாம். டோசனின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. தேசாதிபதி பாண்சின் ஆணைப்படி அத்தெருவை வெட்டியோர், இராசகாரியம் என்னும் ஊழியக் கடமையின் பெயரால் அழைக்கப்பட்ட மலைநாட்டு மக்கள். 1832இல் அக்கடமையை ஒழிக்கும் ஆணை பிறக்கும் வரையில் அவர்களுக்கு விடுதலை இல்லை. அவர்களுக்குக் கோபுரமும் இல்லை. பேராதனைக்கு அயலிலுள்ள கன்னொறுவையில் பாண்ஸ் தாமே கோப்பி பயிரிட்டார். கோப்பித் தோட்டங்கள் பெருகவே, தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாகத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட அப்பாதையையும் அவர்கள் கட்டங் கட்டமாகவே கடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் அதனையடுத்துப் புகையிரதமும் இணைந்து ஓடத் தொடங்கும் முன்பே, தலைமுறைகள் சில அப்பாதையால் வந்துவிட்டன. தூர்மலேயைக் கடந்தவனின் நேரம் செக்கன் வரை குறிக்கப்பட்டுள்ளது. இவர்களின் பெயர்தானும் எழுதப்படவில்லை.

வெற்றியாளர் பட்டியலை நோக்குவோன் அதில் இருவகை வெற்றிடங்களைக் காண்பான். 1915 முதல் 1918 வரையும் 1940 முதல் 1946 வரையும் உள்ளவை போர் உண்டாக்கியவை. 1999 முதல் 2005 வரை உள்ளவை பொய்யை நீக்கியதனால் உண்டாயவை. முன்னையது துயரின் சான்று. பின்னையது நேர்மையின் சான்று. பொய்ப்பெயர் நிற்பதினும் வெற்றிடம் நிற்பதே வரலாற்றுக்கு ஏற்புடைத்து. மூன்றாவது வகை வெற்றிடமும் ஒன்றுண்டு. ஓடியவர்களும் நடந்தவர்களும் உண்மையாகவே இருந்தும், குறிப்பார் இன்மையால் உண்டாயது அது. மன்னார்ப் பாதையின் வெற்றிடம் அவ்வகையினது. முன்னிரண்டையும் இனி நிரப்புதல் இயலாது. மூன்றாவதை ஓரளவேனும் நிரப்பலாம். தோட்டப் பதிவேடுகளும், கோயில் வரவுசெலவு ஏடுகளும், முதியோரின் வாய்மொழியும் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடி எழுதிவைக்கும் பணிக்குப் பெரும் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும், கேட்ட பெயரைப் பிழையின்றிக் குறிக்கும் வழக்கமும் போதும். மாணவர் அதனைத் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.